வாசலுக்கும் வாய்க்கும் நடுவில்

வீடு வீடாகப் போகும் கிராமத் தன்னார்வலர்களுக்கான அத்தியாயம்

கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்குப் போனதும் “மாத்திரை சாப்பிடுறியாம்மா?” என்று கேட்காதீர்கள். “சாப்பிடுறேன்” என்றுதான் பதில் வரும். “மாத்திரையை எங்கம்மா வச்சிருக்க? எடுத்துட்டு வா, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். ஆணியில் தொங்கும் மஞ்சப்பை இறங்கி வரும். அதற்குள் ஸ்கேன் படம், தாய் சேய் அட்டை, ஆதார் ஜெராக்ஸ், பாங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். மீதியை எண்ணுங்கள். நான் எண்ணிய ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்குக் கொடுத்த தொண்ணூறில் எழுபத்தொன்று அப்படியே இருந்தது. அந்தப் பெண் எட்டாம் மாதம். அதுவரை போன எல்லா முறையும் “சாப்பிடுறேன்” என்றுதான் சொல்லியிருந்தாள், நானும் நோட்டில் அப்படியே எழுதியிருந்தேன்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடந்தவை. மருத்துவச்சி கைப்பிரசவம் பார்த்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதத்துக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குள் இருக்கும் நாலு பிள்ளைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. ஆஸ்பத்திரி வந்துவிட்டது, 108 வந்துவிட்டது, மாத்திரையும் சத்துமாவும் வந்துவிட்டன. எல்லாம் வாசல்வரை வந்து நிற்கின்றன. அங்கிருந்து வாய்க்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் நம் வேலை என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எப்போது போவது, எங்கே உட்காருவது

காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் கிழவியும் கோழியும்தான் இருக்கும். நூறு நாள் வேலையோ, களையெடுப்போ, கடலை பிடுங்கலோ, பெண்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் போங்கள். அடுப்பு பற்றவைக்கிற நேரம். பெண் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள், நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், குழம்பில் என்ன வேகிறது என்பது கேட்காமலேயே தெரியும். அடுப்பில் இருப்பதைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள்.

எங்கே உட்காருவது என்பது இன்னும் முக்கியம். ஊர்த்தெருவிலிருந்து வரும் தன்னார்வலர் காலனியில் வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “நேரமில்ல”, “இன்னும் நாலு வீடு இருக்கு” என்று காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். வாசலில் நின்று சொன்னதை அவளும் வாசலோடு விட்டுவிடுவாள். உள்ளே போங்கள், பாய் போட்டால் பாயில் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பயம் இருந்தால் டீத்தண்ணி கேட்டு வாங்கிக் குடியுங்கள், அது கொதித்த தண்ணீர். இருளர் குடியிருப்புக்கோ மலைக்கிராமத்துக்கோ போகிறவர்கள் முதல் இரண்டு முறை நோட்டையே வெளியே எடுக்க வேண்டாம். அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனதை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று.

மகாராஷ்டிரத்தில் ஜாம்கெட் என்ற ஊரில் 1970இல் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி வேலை தொடங்கினார்கள். படித்த நர்ஸ்களை நம்பிக் காத்திருக்காமல், கிராமங்களிலிருந்தே பெண்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். ஊரார் முதலில் மதிக்கவில்லை. பிள்ளைகள் பிழைப்பதைப் பார்த்த பிறகு அதே ஊரார் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நம் பயிற்சிக்கும் அதுதான் அடிப்படை. பட்டம் தேவையில்லை, வீட்டுக்குள் நுழையத் தெரிந்தால் போதும்.

சிவப்பு மாத்திரை

மறுபடி அந்த எழுபத்தொரு மாத்திரைக்கு வருகிறேன். கேட்டதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார்தான் பேசினார்.

“அது திங்கத் திங்க வாந்தி வருதும்மா. வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பாப் போவுது. புள்ள கறுப்பாப் பொறந்துடும்னு நாந்தான் வேணாம்னேன்.”

மூன்று காரணம் சொன்னார், மூன்றும் பொய்யில்லை, அதாவது அவர் கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தவை. வாந்தி வருவது நிஜம். மலம் கறுப்பாகப் போவதும் நிஜம். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படிக் கறுத்து வெளியேறும், கெடுதலில்லை. மூன்றாவதுதான் தப்பான முடிவு. ஆனால் வெளியே வருவது கறுப்பாக இருந்தால் உள்ளே இருப்பதும் கறுக்கும் என்று ஒரு மாமியார் நினைப்பதில் என்ன முட்டாள்தனம்? “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். நான் இப்படிச் சொன்னேன்: “பெரியம்மா, நீங்க வெத்தல போட்டா எச்சில் செவப்பா வருதே, அதுக்காக உங்க பிள்ளைங்க செவப்பாவா பொறந்தாங்க?” சிரித்துவிட்டார். மாத்திரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மாமியார் சம்மதித்த பிறகு சொல்ல வேண்டியவை எளியவை. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் ராத்திரி சாப்பிட்டபின் படுக்கப் போகும்முன் போடலாம், குமட்டல் தூக்கத்தில் போய்விடும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம், அவை இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர், ஒரு கொய்யா, இரண்டு நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் உடம்பு அதிகம் எடுத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையை அதே நேரத்தில் போடக் கூடாது. அதைக் காலையில் சாப்பிட்டபின் தள்ளிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து “ராத்திரி மாத்திரை” என்று விழுங்குகிற வீடுகள் நிறைய, யாரும் சொல்லிக்கொடுக்காததால் வந்த வினை.

கணக்கு இதுதான். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். இந்த இரண்டாவது 180 நாளைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை, பிள்ளை பிறந்ததும் மஞ்சப்பை மூடிவிடுகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் மாத்திரையோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. நடுவில் இருப்பவர்களுக்கு மாத்திரையைக் கூட்டுவதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றுவதா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரும் டாக்டரும் சொல்வார்கள். நம் வேலை “எவ்வளவு இருக்காம்?” என்று கேட்டு அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பது. எண் எழுதவில்லை என்றால் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். பதினாறு வயதில் ரத்தமில்லாத பெண் இருபது வயதில் கர்ப்பமானால், ஆறு மாத மாத்திரையால் எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது. பதினெட்டுக்குள் கல்யாணம் பேசுவதாகக் காதில் விழுந்தால் 1098க்குச் சொல்லுங்கள், உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்

பிரசவ மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச்சேர்வதில் தாமதம், போனபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது நம் கையில் இல்லை. இரண்டாவது பாதி கையில் இருக்கிறது. முதலாவது முழுக்க வீட்டுக்குள் நடப்பது.

ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு ஆள் சேரும்போதே இதைப் பேசிவிடுங்கள், எல்லாரும் இருப்பார்கள், மனசும் நன்றாக இருக்கும். ராத்திரி வலி வந்தால் யார் கூடப் போவது? மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? வீட்டு ஆம்பளை வெளியூரில் இருந்தால் “போ” என்று சொல்ல யாருக்கு உரிமை? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் போன ஒரு ராத்திரியை நான் அறிவேன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்த புருஷனுக்கு போன் போகவில்லை. அவன் எடுக்கும்வரை நாலு மணி நேரம் வாசலில் ஆட்டோ நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அது அதிர்ஷ்டம். அதிலிருந்து எந்த வீட்டிலும் ஆறாம் மாதமே கணவனை போனில் பிடித்து, “அவசரம்னா உங்கம்மாவே முடிவு பண்ணிடட்டுமா?” என்று கேட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மாமியார் காதில் விழவைத்துவிடுவேன்.

108 வரும் பாதையை நடந்து பாருங்கள். ஓடையைத் தாண்டி வண்டி வராது என்றால் எந்த இடத்தில் வந்து நிற்கும், அதுவரை கட்டிலில் தூக்கிப்போக நாலு பேர் யார் என்று முன்கூட்டியே பேசுங்கள். மலைக்கிராமமாக இருந்தால் நாள் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னரே கீழே இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

எதைக் கண்டால் நாள் பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எந்த மாதமானாலும் ரத்தப்போக்கு, முகமும் கையும் வீங்குவதோடு தலைவலி, கண் மங்கல், வலிப்பு, கடும் காய்ச்சல், தண்ணீர்க்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல். கால் வீக்கத்தை “மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவார்கள். காலோடு நின்றால் பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் அன்றே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் அது சாதாரண வீக்கமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தவணை விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, செவிலியரிடம் கேளுங்கள். கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்காமல் இருந்தால் பணமும் சிக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழும் சிக்கும். பாங்க் கணக்கு அந்தப் பெண் பெயரில் இருக்கிறதா, ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதையும் மெதுவாக விசாரியுங்கள்.

சேனையும் சீம்பாலும்

பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்லவர் என்று பெயரெடுத்த பெரியவர் ஒருவர் சீனித்தண்ணியை நாக்கில் தொட்டுவைப்பது, அதாவது சேனை வைப்பது, ஆஸ்பத்திரி வார்டிலும் நடக்கிறது. சேலைத் தலைப்புக்குள் சின்ன பாட்டில் வந்துவிடும். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. சில இடங்களில் கழுதைப்பால். இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமி ஒன்று. அதைவிடப் பெரியது, சீனித்தண்ணி குடித்த பிள்ளை மார்பைத் தேடாமல் தூங்கிவிடுவது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டால்தான் பால் சுரப்பு சீக்கிரம் பிடிக்கும். மஞ்சளாக வரும் சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி. “கெட்டுப்போன பால்” என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

பாட்டிலைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். அந்தப் பெரியவருக்கு வேறொரு மரியாதை கொடுங்கள். “நீங்களே உங்க கையால பிள்ளைய எடுத்து மாருல போடுங்க, அதுதான் முதல் சேனை” என்று முன்கூட்டியே, எட்டாம் மாதத்திலேயே சொல்லிவையுங்கள். பிரசவ வார்டில் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், பிள்ளை பிறந்த நாளிலிருந்து எண்ணி 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். போகும்போது கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்தபின் பிள்ளையைத் தொடுங்கள். வீட்டாரும் அதைப் பார்க்க வேண்டும். தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம், தானே காய்ந்து விழட்டும். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம், திருஷ்டிப்பொட்டு உள்ளங்காலில் இருந்தால் போதும். மூக்கில், காதில் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நெஞ்சுக்குள் போய்விடும். சாம்பிராணிப் புகை பற்றிக் கேட்பார்கள். தலை காய்வதற்குத் துண்டு போதும், புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது என்று நேராகவே சொல்லிவிடுங்கள். குளிப்பாட்டும் பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் குளியலையே தள்ளிப்போட்டு, அம்மா மார்போடு மார்பாக, துணியில்லாமல் அணைத்துக்கொண்டு, மேலே சேலையோ போர்வையோ சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கங்காரு பராமரிப்பு என்பது இதுதான். அம்மா அசந்திருந்தால் பாட்டி செய்யலாம், அப்பாவும் செய்யலாம். ஒருமுறை ஓர் அப்பன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது, மறுநாள் எதிர்வீட்டுக்காரன் என்னிடம் வந்து எப்படிச் செய்வது என்று விசாரித்தான்.

மூச்சை எண்ணுவது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர்கள் கிராமப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி கொடுத்தார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்த முயற்சியில், மூன்றாம் ஆண்டில் பிறந்த ஒரு மாதத்துக்குள் சாகும் குழந்தைகளின் விகிதம் 62 சதவீதம் குறைந்தது. 1999இல் அது மருத்துவ இதழில் வெளியாயிற்று. அந்தப் பெண்களிடம் பெரிய கருவிகள் எதுவுமில்லை. கைகழுவல், கதகதப்பு, பால், மூச்சு எண்ணல், கிருமித் தொற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் மருந்து, அவ்வளவுதான். நூறுவரை எண்ணத் தெரியாதவர்களுக்காக, பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்தும் சட்டமும் செய்துகொடுத்தார்கள்.

நான் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். ஆறு கொட்டையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரம் வேண்டும். தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடுங்கள், வயிறும் நெஞ்சும் தெரிய வெளிச்சம் விழட்டும். போனில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்று எண்ணுங்கள். பத்து ஆனதும் ஒரு கொட்டையைத் தரையில் வையுங்கள். முப்பது நொடி எண்ணி இரட்டிப்பாக்காதீர்கள், பச்சிளம் பிள்ளையின் மூச்சு சீராக இருக்காது, கொஞ்சம் நின்று பிறகு வேகமெடுக்கும். முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆறு கொட்டையும் தரைக்கு வந்துவிட்டால், அதாவது 60 ஆனாலோ தாண்டினாலோ, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் அதே என்றால் ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40 என்பது எல்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் காத்திருக்க வேண்டாம். பால் குடிப்பதை நிறுத்துவது, துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிட்டோ கொதித்தோ இருப்பது, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்குவது, தொப்புளில் சீழ், இவற்றுக்கும் அதே பதில்தான்.

இதை வீட்டில் பாட்டிக்கும் சொல்லிக்கொடுங்கள். “கணை”, “சளி கட்டியிருக்கு”, “உரம் விழுந்திருக்கு” என்று பெயர் வைப்பதற்குள் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளையின் தட்டு

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும். ஆறு மாதம் முடிந்ததும் வெறும் பால் போதாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஊரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒன்பது மாதப் பிள்ளை பாலையும் டீயில் தோய்த்த பிஸ்கட்டையும் வைத்தே வளர்வதை நிறையப் பார்க்கலாம்.

முதலில் கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். ஊட்டுவது ஓடினால் அது தண்ணீர்ச்சோறு, வயிறு நிரம்பும், சத்து போகாது. கரண்டியில் நிற்கும் பதம் வேண்டும். சோறு, பருப்பு, கீரையைக் கையால் மசித்து ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டால், பிள்ளையின் சின்ன வயிற்றுக்குள் அதிக சக்தி போகும். இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் ஆகட்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் நாளைக்கு மூன்று நாலு தடவை, நடுவில் ஒரு பழமோ முட்டையோ. முட்டை ஒரு வயசுக்கு அப்புறம்தான் என்பது தப்பு, ஆறு மாதம் முடிந்ததுமே நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம்.

தட்டு தனியாக இருக்க வேண்டும். அம்மா தட்டிலிருந்து உருட்டி ஊட்டினால் எவ்வளவு போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை அங்கன்வாடிக் கூட்டத்தில் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள், பத்துப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு மாட்டுக்குப் போகிறது என்று எல்லாரும் முணுமுணுக்கிறோம். ஏன் போகிறது? கசப்பாக இருக்கிறது, கட்டி தட்டுகிறது, கரைத்துக் குடிக்கப் பிடிக்கவில்லை. ஆகையால் மாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அடுப்பருகே உட்கார்ந்து செய்து காட்டுங்கள். கொஞ்சம் வெல்லப்பாகு, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிடித்த கொழுக்கட்டை, வெங்காயம் முருங்கைக்கீரை போட்ட அடை. மாடு ஏமாந்துபோகும்.

அளவு நாடாவை எப்போதும் பையில் வையுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை, இடது மேல்கையின் நடுவில், கையைத் தொங்கவிட்டு, இறுக்காமல் சுற்ற வேண்டும். 12.5 செ.மீ.க்கு மேல் பச்சை. 11.5க்கும் 12.5க்கும் நடுவில் மஞ்சள், வாரம் ஒருமுறை பாருங்கள். 11.5க்குக் கீழே சிவப்பு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். முகம் கொழுகொழுவென்று இருந்து கால் இரண்டும் வீங்கியிருந்தால் ஏமாறாதீர்கள். பாதத்தில் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள், இரண்டு காலிலும் குழி நின்றால் அதுவும் சிவப்புத்தான், நாடா எந்த நிறம் காட்டினாலும்.

வயிற்றுப்போக்கு வந்தால் தோஷம், சீர் அடித்தது என்று மந்திரிக்கப் போவார்கள். போகட்டும், ஓ.ஆர்.எஸ். டம்ளரோடு போகட்டும். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட் பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் பிரிக்கக் கூடாது, ஒரு நாளுக்குமேல் வைக்கக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றபின்னும். பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, மூத்திரம் நின்று, வயிற்றுத்தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால் மந்திரிக்கவும் நேரமில்லை.

அம்மாவைக் கேட்பது

பிரசவம் ஆன 42ஆம் நாளுக்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாரும் பிள்ளையின் எடையைத்தான் கேட்கிறார்கள். பத்தியம் என்ற பெயரில் அவளுக்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. பால் கொடுப்பவளுக்குத் தாகமெடுக்கும், குடிக்கவிட வேண்டும். பூண்டும் கருவாடும் பத்தியத்தில் இருந்தால் நல்லதுதான், கீரையும் பருப்பும் பழமும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

கடைசியில் சாப்பிடுவது அவள்தான். சட்டியில் கிடக்கும் வண்டலும் குழம்புத் தண்ணீரும்தான் மிச்சம். “எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க” என்று சொல்வது எளிது, நடப்பது கஷ்டம். நான் கண்ட வழி ஒன்று உண்டு, பிள்ளையைச் சாக்கு வைப்பது. “பாலுக்குக் குழம்புல இருக்கற காயெல்லாம் அவ தட்டுக்கு வரணும் பெரியம்மா” என்றால் மாமியார் எடுத்துவைத்துவிடுவார். அவளுக்காகவே கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியாமல் போவது வருத்தம்தான். ஆனாலும் தட்டு நிரம்புகிறது.

தனியாகப் பேசத் தண்ணீர்க்குழாயோ, ஆடு கட்டுமிடமோ, எங்காவது ஓரிடம் கண்டுபிடியுங்கள். வெள்ளைப்படுதல், மூத்திரத்தில் எரிச்சல், அடி வயிற்று வலி இவற்றையெல்லாம் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி பிள்ளை தூங்கியும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதை “பேய் புடிச்சிருக்கு” என்று விடாதீர்கள். அது நோய், மருத்துவம் உண்டு, 104க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். முழங்கையில், முதுகில் காயம் கண்டால் “எப்படிம்மா ஆச்சு?” என்று ஒருமுறை கேளுங்கள். விழுந்துட்டேன் என்பாள். 181 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், அவள் பேச நினைக்கும் நாளில் உங்களைத் தேடி வருவாள்.

சூளைக்குப் போகிறவர்கள்

பொங்கல் முடிந்ததும் சில தெருக்கள் காலியாகிவிடும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன, திரும்பி வர மழைக்காலம் தொடங்க வேண்டும். அந்த ஐந்தாறு மாதம் அங்கன்வாடி நோட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே கோடு. அங்கே சூளையில் அவர்கள் எந்த நோட்டிலும் இருக்க மாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கல் அறுக்க எழும் அம்மாவோடு பிள்ளையும் எழுந்து, மண்மேட்டில் கிடந்து தூங்கும்.

யார் யார் போகிறார்கள் என்பது மார்கழியிலேயே தெரிந்துவிடும், டீக்கடையில் கேட்டால் போதும். கர்ப்பிணி இருந்தால் ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் அதற்குள் முடித்துவிடச் செவிலியரிடம் சொல்லுங்கள். மூன்று மாத மாத்திரையை ஒன்றாக வாங்கிக் கொடுங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி போடுவார்கள். அந்த அட்டை ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பதுதான் சிக்கல். அட்டையின் முதல் பக்கத்தையும் ஊசிப் பக்கத்தையும் அப்பாவின் போனில் படம் எடுத்துவையுங்கள். போய்ச்சேரும் ஊரின் பெயரை, கிராமம், ஒன்றியம்வரை எழுதி வாங்கி, உங்கள் செவிலியர் மூலம் அந்தப் பக்கத்துச் செவிலியருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அங்குள்ள அங்கன்வாடியில் முட்டையும் மாவும் கேட்க உரிமை இருக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

லாரி பெரும்பாலும் ராத்திரிதான் வரும், முன்னறிவிப்பில்லாமல். பாத்திரம், கோழிக்கூடு, கிழிந்த தார்ப்பாய் என்று எல்லாம் ஏறும். ஆகவே அட்டை, மாத்திரை, நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உங்கள் போன் நம்பர் எழுதிய தாள், இவை நாலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அரிசிப் பானைக்குள் வைத்துவிடுங்கள். எதை மறந்தாலும் அரிசிப் பானையை மறக்க மாட்டார்கள். போய் இறங்கிய மறுநாள் காலை உலை வைக்கும்போது கவர் கைக்கு வரும்.